எங்கள் கட்டிலில் படுத்த விளக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன், என் கையாலேயே. கோணல் மாணலாக இருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. நாற்பது வருஷம் நூல் பிடித்துச் சுவர் எழுப்பிய கொத்தனாருக்கு, கோடு போட்ட தாளில் ஒரு வரியை நேராக நிறுத்த முடியவில்லை. பேனாவைப் பூச்சுக் கரணை மாதிரி பிடிக்காதீங்க என்று முதியோர் கல்வி வகுப்பு டீச்சர் தினமும் சொல்கிறார்.

இன்னொரு மன்னிப்பும் பாக்கி. என் முதல் கடிதம் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தேன். அது பக்கத்து வீட்டு வெல்டருக்குப் போய்விட்டது.

கம்பி திருட்டுப் போகிறதென்று அவர் பட்டறைக் கூரையில் பெரிய ஃபோகஸ் லைட் மாட்டினார். வெளிச்சம் கம்பியை விட்டுவிட்டு நம் படுக்கையறைக்குள் வந்துவிட்டது. கண் ஆபரேஷன் ஆன உன் அம்மா, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு புரண்டாள். வெல்டர் பெண்டாட்டியோடு பேச்சை நிறுத்தினாள். கடைசியில் பையில் சேலைகளை அடுக்கி, "நான் என் மக வீட்டுக்குப் போறேன், நீங்க அந்த லைட்டோட குடித்தனம் பண்ணுங்க" என்றாள். நான் நோட்டையும் பேனாவையும் எடுத்தேன்.

நேரில் கேட்கலாம்தான். என் வாய் உனக்குத் தெரியுமே, நல்லது பேசப் போனாலும் சண்டையாகிவிடும். எழுதினால் குரல் ஏறாதல்லவா? நாலு நாள் உட்கார்ந்து எழுதினேன்: "ஐயா, உங்கள் விளக்கு எங்கள் கட்டிலில் படுத்துக்கொள்கிறது. நாங்கள் எங்கே படுப்பது? கொஞ்சம் கீழே திருப்பினால் புண்ணியம்."

தாளை அவர் பட்டறைக் கதவில் செருகிவிட்டு வந்தேன். அன்று விளக்கு வைத்த நேரத்துக்கே வெல்டர் தாளோடு வந்துவிட்டார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர். பிறகு, "பெரியவரே, ஒரு நிமிஷம் நம்ம வீட்டுக்கு வாங்க" என்று கூட்டிப்போய், அவர் மாமியார் கட்டிலில் என்னை உட்கார வைத்தார். ஜன்னல் வழியே நம் மாடிப்படி டியூப்லைட், நேராக என் மூக்குக்கு! நாலு வருஷமாக விடிய விடிய நான் எரியவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்ககிட்ட யாரு வாயைக் கொடுக்கிறது?" என்றார் மாமியார். வெட்கத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளே வேலை. தன் விளக்குக்குத் தகரத்தில் தொப்பி வெட்டி, கம்பி அடுக்கைப் பார்த்துக் குனிய வைத்தார் வெல்டர். கம்பி இப்போதுதான் பளிச்சென்று தெரிகிறதாம். நான் டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு, படி ஓரமாக முழங்கால் உயரத்தில் சின்ன மஞ்சள் பல்பு போட்டேன். அதற்கும் ஒரு குட்டித் தொப்பி அடித்துக் கொடுத்தார்.

நேற்று உன் அம்மா காலை எட்டு மணிவரை தூங்கினாள். பயந்துபோய் இரண்டு தரம் மூக்கருகே கை வைத்துப் பார்த்தேன்! எழுந்ததும் வெல்டர் பெண்டாட்டியோடு மதில்மேல் சாய்ந்து பேச ஆரம்பித்தவள், அடுப்பில் பால் பொங்கியும் உள்ளே வரவில்லை. என் கடிதத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம்.

ஊருக்குக் கட்டிய பையை உன் அம்மா பிரித்துவிட்டாள். பிரிக்கும்போது முகம் கொஞ்சம் வாடியது.

போனில் அவள் பக்கத்தில் நிற்கையில் சொல்ல வராத ஒன்றை எழுதுகிறேன். தினமும் சாயங்காலம் உன் அறை விளக்கைப் போட்டு, கொஞ்ச நேரம் நின்று, அணைத்துவிட்டு வருகிறேன். அந்த வெளிச்சம் யார் கண்ணையும் கூச வைப்பதில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருங்கள். லீவு கிடைத்தால் வா. அடுத்த வாரமும் எழுதுவேன், அதற்குள் வரிகள் கொஞ்சம் நிமிர்ந்துவிடும்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காத உன் அப்பா