ஃபீபி பட்டினி கிடக்கவில்லை

ஆம்பூர்
24.11.2002

அன்பு மகள் பெர்சிஸுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் சுகமாக இருக்க வேண்டும் என்று உங்கள் பேரைச் சொல்லி ஜெபிக்காமல் நாங்கள் படுப்பதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது கொஞ்சம் கம்மி. மழை பேருக்குத்தான் பெய்தது, பாலாறு வழக்கம்போல மணலாகக் கிடக்கிறது. ராணிப்பேட்டை வேலைக்கு பஸ்ஸில் போய் வருகிறான் உன் தம்பி ஜோவின், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடத் தூங்கி வழிகிறான்.

உன் கடிதம் வந்தது. மஸ்கட் சபையில் நம் ஊர்க்காரர் ஒருவர், ஃபீபி அழகுக்காகப் பட்டினி கிடந்து செத்துப்போனாள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னதாகவும், நீ வீட்டுக்கு வந்து அழுததாகவும் எழுதியிருந்தாய். உண்மையா அப்பா என்று கேட்டிருக்கிறாய். உண்மை இல்லை அம்மா. போனில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் முழுவதையும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ கல்யாணமாகிப் போனபோது பக்கத்து வீட்டு ஃபீபி பாவாடை தாவணியில் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் வந்தவள். அதற்குப் பிறகு பிளஸ் டூ முடித்து, தோல் கோட்டு தைக்கிற கம்பெனியில் சேர்ந்தாள். முதலில் நூல் வெட்டுகிற டேபிளில்தான் போட்டார்கள். பிறகு வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிற அளவுக்கு அவள் உடம்பு சரியாக இருக்கிறது என்று சாம்பிள் செக்ஷனுக்கு மாற்றினார்கள். புதுக் கோட்டு தைத்தால் முதலில் இவளுக்குப் போட்டுத் தோள், கை எல்லாம் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான் வேலை. அவள் அம்மா பொன்மலருக்கு அதில் பெருமைதான். அந்தம்மா சத்துணவுக் கூடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போடுகிறவர், புருஷன் இல்லாமல் ஒற்றையாக இந்தப் பெண்ணை வளர்த்தவர், உனக்குத் தெரியாததா.

இந்த வருஷம் ஜூலை வாக்கில் ஃபீபி இளைக்க ஆரம்பித்தாள். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிந்தது. உடனே தெரு முழுக்க ஒரே பேச்சு. கோட்டுப் போட்டுக் காட்டுகிற வேலை, அதனால் சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று. கேட்க எவ்வளவு சரியாக இருக்கிறது பார். ஆனால் நடந்தது அதற்கு நேர் எதிர். கம்பெனிக்கு அவள் இளைக்கக் கூடாது. இளைத்ததும் கோட்டு தொளதொளவென்று தொங்கியது, சூப்பர்வைசர் அவளைத் திரும்ப நூல் வெட்டும் டேபிளுக்கே அனுப்பிவிட்டார். பழைய அளவுக்கு வரவேண்டும் என்று அந்தப் பெண் வாழைப்பழமும் பன்னும் வாங்கி வாங்கித் தின்றாள். தின்னத் தின்ன இளைத்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். இதை அவளோடு வேலை செய்கிற ஹுமேரா, நம் பின்தெரு நசீமுன்னிசா மகள், எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் சொல்லி அழுதது.

செப்டம்பரில் நம் சபை வாலிபர் விழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். நாகரிக உடை பெண்களுக்கு விடுதலையா, விலங்கா என்று தலைப்பு. காலேஜில் பாடம் நடத்துகிற நத்தானியேல் சார் விலங்கு என்கிற அணி. நன்றாகப் பேசுவார், நீயும் கேட்டிருக்கிறாய். இந்த ஊரில் கோட்டுக் கம்பெனி வந்தது, பெண்கள் இளைத்தார்கள், காரணம் கண்ணுக்குத் தெரிகிறது என்றார். கம்பெனி வந்த அதே சமயத்தில்தான் கேபிள் டிவி வந்தது, ஆற்றில் தண்ணீரும் நின்றது, அதற்கும் கோட்டுதான் காரணமா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. நம் சபையிலேயே ஒரு மகள் கண் முன்னால் உருகிக்கொண்டிருக்கிறாள் என்று பேர் சொல்லாமல் சொன்னார், எல்லாத் தலையும் ஃபீபி பக்கம் திரும்பியது. அடுத்து வேலூரிலிருந்து வந்த ஒரு வக்கீல் அம்மா எழுந்து, அந்த மகள் சம்பாதிக்கிறாள், தன் உடம்பைத் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறாள், ஒல்லியாக இருப்பது அவள் உரிமை, அதைக் குறை சொல்கிறவர்கள் பெண்கள் வேலைக்குப் போவதையே பிடிக்காதவர்கள் என்றார். இரண்டுக்கும் கைதட்டல். ஒருவர் அவளைப் பாவமாக்கினார், ஒருவர் அவளைக் கொடியாக்கினார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் நடக்கும்போதே தண்ணீர் குடிக்க எழுந்து எழுந்து போனாள், அதைக் கவனிக்க மேடையில் யாருக்கும் நேரமில்லை.

முடிந்து டீ குடிக்கும்போது பொன்மலர் நத்தானியேல் சாரிடம் போய், என் பொண்ணு நல்லா சாப்பிடுறா சார், ரெண்டு பேர் சாப்பாட்டை ஒருத்தியா சாப்பிடுறா என்று சொன்னார். அதற்கு அவர் இரக்கமாகத்தான் பதில் சொன்னார், "எல்லா அம்மாவும் இப்டித்தாம்மா சொல்வாங்க. உங்களுக்குத் தெரியாம வாந்தி எடுத்துடுவா. அதுதான் இந்த நோய்க்கு அடையாளமே." நான் பக்கத்தில் நின்றேன். சாப்பிடவில்லை என்றால் அது அத்தாட்சி, சாப்பிடுகிறாள் என்றால் அதுவும் அத்தாட்சி. அப்படியானால் அந்தத் தாய் எதைச் சொல்லித்தான் தன் பெண்ணைக் காப்பாற்ற முடியும், சொல். அன்றிலிருந்து பொன்மலருக்கே சந்தேகம் வந்துவிட்டது. குளியலறைக் கதவுக்கு வெளியே போய் நின்று காது கொடுத்துக் கேட்பாராம். கிளினிக்கில் காட்டினார்கள், அங்கேயும் டயட்டா என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள்.

அக்டோபரில் ஒரு காலையில் நிஜமாகவே வாந்தி எடுத்தாள். மூச்சு வேகவேகமாக வாங்கியது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கார் பிடித்து வேலூருக்குக் கொண்டுபோனோம், நானும் போனேன். அங்கே டாக்டர் பார்த்ததும் முதலில் கேட்டது, எப்போதிலிருந்து தண்ணீர் ஜாஸ்தி குடிக்கிறாள் என்பதுதான். பொன்மலர் மூன்று மாதமாக என்றார். டாக்டர் உடனே ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். சர்க்கரை வியாதி அம்மா. வயதானவர்களுக்கு, குண்டானவர்களுக்குத்தான் வரும் என்று நாமே முடிவு கட்டி வைத்திருக்கிறோமே, அது சின்னப் பிள்ளைகளுக்கும் வருமாம், வந்தால் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாதாம். ஊசி போட்டுக்கொண்டிருந்தால் என் வயது வரைக்கும் இருந்திருப்பாள். அவர்கள் எவ்வளவோ போராடினார்கள், மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

பொன்மலர் வீட்டில் வைத்த ஆறுதல் கூட்டத்தில் நத்தானியேல் சார் மறுபடியும் எழுந்தார். மனசார வருத்தப்பட்டுத்தான் பேசினார், அது எனக்குத் தெரியும். இந்த மகளுடைய மரணம் நம் பெண்களுக்கு ஒரு பாடமாக இருக்கட்டும் என்றார். பொன்மலர் எழுந்து நின்றார். குரல் உயரவில்லை. "எம் பொண்ணு பட்டினி கிடக்கல சார். பசிக்குதும்மா பசிக்குதும்மான்னு கேட்டு வாங்கித் தின்னா. நான்தான் போட்டேன்" என்றார். கூட்டம் என்ன செய்தது தெரியுமா, நாலு பெண்கள் ஓடி வந்து அவரைப் பிடித்து உட்காரவைத்து, பெத்த வயிறு, அப்படித்தான் பேசும் என்று தண்ணீர் கொடுத்தார்கள். நான் எழுந்து டாக்டர் சொன்னதைச் சொன்னேன், தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் வெளியே போனது நான் சொன்னது இல்லை, பாடம்தான் போனது. அது கடல் தாண்டி உன்னிடமே வந்துவிட்டதே.

அந்தப் பாடத்தால் இன்னொன்றும் நடந்தது. சாம்பிள் செக்ஷனில் ஃபீபி இடத்துக்கு ஹுமேராவை எடுத்தார்கள். நசீமுன்னிசா பயந்துபோய், உயிரைக் குடிக்கிற வேலை வேண்டாம் என்று மகளை வீட்டோடு நிறுத்திவிட்டார். ஹுமேரா நம் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் அழுதது, அவள் அதைப் பொன்மலரிடம் சொல்லிவிட்டாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று நான் கோபித்துக்கொண்டேன். ஆனால் பொன்மலர் அன்று சாயங்காலமே புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினார், துணைக்கு அம்மா போனாள். மகளைப் புதைத்த பிறகு அவர் வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. நசீமுன்னிசா அவரைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதாராம். பொன்மலர் அழவில்லையாம். "பொண்ண வேலைக்கு அனுப்பு நசீமு. கோட்டு ஒண்ணும் பண்ணல. உடம்பு இளைச்சா இன்னா ஏதுன்னு ஊரைக் கேக்காத, அவளைக் கேளு. அவ சொல்றத நம்பு" என்று சொன்னாராம். திங்கட்கிழமை காலையில் ஹுமேரா டிபன் டப்பாவோடு கம்பெனி பஸ் ஏறியதை நான் பார்த்தேன். பொன்மலரும் பார்த்தார். பஸ் திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இவ்வளவுதான் அம்மா. வெயிலில் அலையாதே, சின்னவன் சளிக்கு நீயாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதே, டாக்டரிடம் காட்டு. கிறிஸ்மஸ் அன்று சாயங்காலம் பொன்மலர் நம் வீட்டுக்குத்தான் வருவார், மறக்காமல் போன் பண்ணு. ஆறுதல் ஒன்றும் சொல்ல வேண்டாம், ஃபீபியைப் பற்றி உனக்கு ஞாபகம் இருப்பதைப் பேசு. அந்த வீட்டில் அவள் பேரை எடுக்கவே எல்லோரும் பயப்படுகிறார்கள். கர்த்தருடைய சமாதானம் உன் வீட்டிலும் உன் பிள்ளை தலைமேலும் தங்கியிருக்கட்டும். அம்மா உனக்குத் தன் முத்தங்களை எழுதச் சொன்னாள்.

உன் அன்புள்ள அப்பா,
தேவானந்தம்