லேக் கரை நடையும் எள்ளுப் போத்தலும்

சிவமயம்

மோர்னிங்சைட்,
ரொறன்ரோ.
20.10.1996, ஞாயிறு.

அன்புள்ள மகள் ஜெயமலருக்கு அம்மா எழுதிக்கொள்வது,

முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், லண்டனில் நீயும் மருமகன் கீதனும் பேத்தி அட்சயாவும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கிற ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். மனம் சுகமா என்று கேட்காதே, அதற்குத்தான் இந்தக் கடிதம். முதலில் ஒரு விஷயத்தை ஒழுங்காக எழுதி வைக்கிறேன், பிறகு அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று ஒருவரும் எனக்குச் சொல்ல ஏலாது. பன்னிரண்டாம் திகதி சனிக்கிழமை, புரட்டாதி மாளய அமாவாசை, காலமை பத்து மணிக்குக் கிட்ட, இங்கே கிறீக் என்கிற சின்ன ஆறு வந்து லேக் என்கிற பெரிய ஏரியில் விழுகிற இடத்தில் நின்றவர்கள்: முழங்கால் தண்ணீரில் அப்பா, நாணலுக்கு இந்தப் பக்கம் நான், எனக்குப் பக்கத்தில் எட்டாம் மாடி குணவதி அக்கா, மரப்படியில் பழுப்பு நாயோடு ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண், அந்தக் கரையைப் பார்க்கிற பச்சைக் கோட்டுக் காவல்காரன் ஒருவன். வேறு ஒருவரும் இல்லை. ஐயரும் இல்லை. அதைக் கவனித்துக்கொள்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் சொல்லி இரண்டு வருஷம், நாளுக்கு ஒரு மணித்தியாலம் நடக்கச் சொல்லியும் இரண்டு வருஷம், அந்த இரண்டு வருஷமும் அவர் நடந்தது கதிரையில் இருந்து ரீவிக்கும் ரீவியில் இருந்து கதிரைக்கும்தான் என்பது உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் இந்தப் புரட்டாதி பிறந்தவுடன் தானாகவே பழைய சப்பாத்தைத் தேடி எடுத்துத் துடைத்து, நான் நடக்கப் போகிறேன் என்று வெளிக்கிட்டார். நல்லது என்றுதான் முதலில் நினைத்தேன். நான் சனிக்கிழமைகளில் குணவதி அக்காவின் காரில் கோயிலுக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள்ளெரிக்கிறவள், அவர் அந்த நேரம் பார்த்துத்தான் நடக்கப் போகிறார், மற்ற நாளில் கேட்டால் குளிர் என்கிறார், கால் உளைவு என்கிறார். சனிக்கிழமை மட்டும் குளிர் இல்லையா. அதனால் என் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வரத் தொடங்கினேன். இருபத்தோராம் திகதி ஒன்பதுக்குப் போய் பன்னிரண்டு இருபதுக்கு வந்தார், சப்பாத்தில் மணல். இருபத்தெட்டாம் திகதி வந்த நேரம் பன்னிரண்டரை, களிசான் கால்களின் கீழ்மடிப்பு ஈரம், வந்தவுடன் என்னோடு கதைக்காமல் நேரே குளிக்கப் போனார். ஐந்தாம் திகதியும் அதேதான், அன்றைக்குத் தலையும் முழுகினார். நடந்து விட்டு வந்து தலை முழுகுகிற மனிதனை நான் கண்டதில்லை.

இதற்கிடையில் எள்ளு குறைந்தது. புரட்டாதிக்கென்று ஒரு சுண்டு கறுத்த எள்ளு வாங்கிக் கல் பொறுக்கிப் போத்தலில் போட்டு வைத்திருந்தேன், இந்த வருஷம் நாலு சனி, ஒவ்வொரு சனிக்கும் மூன்று பொட்டலம், அப்பாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று, அண்ணா வினோதனுக்கு ஒன்று. அவனுக்கு ஏழரைச் சனி, அவனுடையதைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டுவேன். இரண்டாம் சனிக்குக் கட்டும்போதே போத்தல் அரைவாசிக்குக் கீழே போய்விட்டது. எலி என்றால் மூடியைத் திருகித் திறக்காது. அப்பாவிடம் கேட்டேன், எனக்கென்ன தெரியும், நீதான் கூடக் கட்டியிருப்பாய் என்றார். நான் கூடக் கட்டுகிறவளா, நீயே சொல்லு.

குணவதி அக்காவிடம் சொன்னபோது அவ சிரித்தா. அவவின் வாய் உனக்குத் தெரியும். ஆம்பிளையள் அறுபது தாண்டினாப் பிறகுதான் கவனமாப் பாக்கோணும் தெய்வநாயகி, லேக் கரையிலை ஆராவது வெள்ளைக்காரிக்கு எள்ளுப்பாகு கொண்டுபோய்க் குடுக்கிறாரோ என்னவோ என்று சொல்லி, அமாவாசைச் சனிக்குக் கோயிலுக்கு என்று வெளிக்கிட்டுப் போய் ஒளித்து நின்று பார்ப்போம் என்று அவதான் திட்டம் போட்டா. கடைசிப் புரட்டாதிச் சனியில் காலமை கோயிலுக்குப் போகாமல் புருஷனை உளவு பார்க்கப் போனது பாவம்தான், அதற்குப் பின்னேரம் போய் எள்ளெரித்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு விட்டேன்.

அப்பா வீட்டில் இருந்தே நடந்து போவார், கிறீக் கரையோடு ஒரு பாதை போகிறது, றெயில் பாலத்துக்கு அடியால் போய் லேக்கில் முடிகிறது. நாங்கள் காரை மற்றப் பக்கத்தால் கொண்டுபோய் விட்டு மரப்படியால் இறங்கினோம். மேப்பிள் இலை எல்லாம் மஞ்சளும் சிவப்புமாய்ப் பாதையை மூடிக் கிடந்தது, எவ்வளவு மெதுவாகக் கால் வைத்தாலும் சரசர என்று காட்டிக் கொடுக்கிறது, ஒளித்துப் போகிறவளுக்கு ஏற்ற மாதம் இல்லை. கிறீக்கில் பெரிய பெரிய மீன்கள் லேக்கில் இருந்து தண்ணீருக்கு எதிராக ஏறுகின்றன, ஒவ்வொன்றும் கை நீளம், உடம்பெல்லாம் காயம், முட்டை போட்டுவிட்டுச் செத்துப்போகுமாம். வாசலில் பெரிய அறிவித்தல் பலகை, அது காடு கரையைப் பாதுகாக்கிற கொன்சவேஷன்காரரின் காணி, பூ பிடுங்கக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது, நாயைக் கட்டித்தான் கொண்டுவர வேண்டும், பறவைகளுக்குத் தீன் போடக் கூடாது என்று எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்கும் வரைக்கும் குணவதி அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றா. லேக்கைப் பார்த்தால் கடல்தான், மறுகரை தெரியாது, அலையும் அடிக்கிறது, ஆனால் உப்பு மணம் இல்லை.

அப்பா களிசானை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார். குனிந்து கையால் தண்ணீர் அள்ளுகிறார், கோட்டுப் பையில் இருந்து எடுத்து எதையோ போடுகிறார், திரும்ப விடுகிறார். பெரிய தாராக்கள் நாலைந்து அவரைச் சுற்றி நீந்திக்கொண்டு வந்தன. அப்போதுதான் அந்தக் காவல்காரன் போய் ஏதோ சொன்னான், அப்பா மன்னிப்புக் கேட்டுச் சொறி சொறி என்று தலையை ஆட்டினார். நாய்க்காரப் பெண் எங்களைக் கண்டு சிரித்துக் குணவதி அக்காவோடு கதைத்தா, இவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறவர், நல்ல மனிதர், பறவைகளில் சரியான இரக்கம், கறுப்பு விதை கொண்டுவந்து போடுகிறவர், பாவம் இன்றைக்குப் பேச்சு வாங்கிவிட்டார் என்று. குணவதி அக்கா எனக்கு அதைச் சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. பாத்தியே, தாராவுக்குத் தீன் போடத்தான் மனிசன் ஒளிச்சு வாறார், நீ அதுக்குப் போய்க் கொப்பியிலை எழுதுறாய் என்றா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை மகள். தாராவுக்குப் போடுகிறவன் விரல் நுனியால் எறிவான். அப்பா வலது கையைச் சரித்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவால் விட்டார். அது எதற்கு விடுகிற பக்கம் என்று உனக்குத் தெரியாவிட்டால் மருமகனைக் கேள், தகப்பன் இல்லாத பிள்ளை அவர், ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறவர். தெற்கைப் பார்த்தபடி நின்றார் என்று சொல்ல வரவில்லை, இங்கே லேக் கிடப்பதே தெற்கில்தான், அங்கே நிற்கிற எல்லாரும் தெற்கைத்தான் பார்ப்பார்கள், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் அவருடைய தாய் தகப்பனுக்கு ஆடியில் கோயிலில் ஐயரை வைத்து முறையாகச் செய்து முடித்தாயிற்று, நான்தான் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுத்தேன். பிறகு இது யாருக்கு.

அவர் வருவதற்கு முதலே வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாதவள் போல் சோறு போட்டேன். அவர் தலை முழுகப் போன நேரம் கோட்டுப் பையைத் தடவினேன். உள்ளே கடதாசியில் சுற்றின கொஞ்ச எள்ளும், புல்லில் முடிந்த ஒரு மோதிரமும். தர்ப்பை இல்லை, லேக் கரையில் வளர்கிற ஏதோ அகலப் புல். ஆனால் முடிச்சு பவித்திர முடிச்சுத்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் கைக்குக் கிடைத்த சைவப் புத்தகம் எல்லாம் வாசித்தவள். நல்ல காரியத்துக்கு இரண்டு புல், பிதிர் காரியத்துக்கு மூன்று, செத்தவீட்டுக் கிரியைக்கு ஒரு புல். வெளிச்சத்தில் பிடித்துப் பிரித்துப் பார்த்தேன். ஒரு புல்.

அவர் சாப்பிட வந்து இருந்தபோது அதைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். முதலில், உது நடக்கேக்கை கையிலை வந்த புல்லு, சும்மா முடிஞ்சது என்றார். ஏன் ஒரு புல் என்று கேட்டேன். ஐயர் போட்டுவிட்டால் போடுறன், கழட்டச் சொன்னால் கழட்டுறன், நான் எண்டைக்கு உதை எண்ணிப் பாத்தனான், எல்லாத்தையும் எண்ணுறது நீதானே என்று சத்தம் போட்டார். அது உண்மையாகவும் இருக்கலாம், அவருக்கு இந்த முறைகள் தெரியாது, தெரியாமல் அகலப் புல் ஒன்று போதும் என்று முடிந்திருக்கலாம். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் இந்த எட்டு நாளும் இருக்கிறேன். ஆனால் பிறகு சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார், வினோதன் இருக்கிறானெண்டா ஒரு கை தண்ணியாலை அவனுக்கு என்ன குறையப்போகுது, இல்லையெண்டா ஆறு வருசமாத் தாகத்தோடை எல்லோ நிக்கிறான் என்று. ஆர் சொன்னது இல்லையெண்டு என்று கேட்டேன். ஒருத்தரும் சொல்லேல்லை, என்ரை மனம் சொல்லுது என்றார்.

ஆறு வருஷம் சொல்லாத மனம் இந்த ஆவணிக்குப் பிறகு எப்படிச் சொல்லும். இதைத்தான் நான் உன்னிடம் கேட்கிறேன். தொண்ணூறாம் ஆண்டு பாஸ்போட் எடுக்கக் கொழும்புக்கு என்று வெளிக்கிட்ட பிள்ளை வவுனியாவுக்கு அங்காலே போனதை ஒருவரும் காணவில்லை, செத்ததையும் ஒருவரும் காணவில்லை. இந்த ஆடியில் ஊரில் இருந்து வந்த சச்சிதானந்தன் மாஸ்ரர் உங்கள் வீட்டில் ஒரு கிழமை நின்றார் என்று நீதான் எழுதினாய், அவர் என்ன சாப்பிட்டார் என்று கூட எழுதினாய், என்ன கதைத்தார் என்று ஒரு வரி இல்லை. ஆவணி பிறந்த கையோடு, ஓகஸ்ட் பதினெட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, நான் கோயிலில் நிற்கிற நேரம் என்று தெரிந்தும் நீ போனில் கோல் எடுத்தாய். நான் வரும்போது அப்பா போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார், மகள் சும்மா எடுத்தவள், அட்சயாவுக்கு இருமலாம் என்றார். அடுத்த கிழமை நீ என்னோடு கதைக்கும்போது அட்சயாவுக்கு இருமல் எப்படி என்று கேட்டேன், என்ன இருமல் என்று நீ கேட்டாய். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

நான் சண்டைக்கு எழுதவில்லை. ஒரே போத்தல் எள்ளில், ஒரே சனிக்கிழமையில், நான் அவனுடைய ஆயுசுக்கு எரிக்க அப்பா அவனுக்குத் தண்ணீரில் விட்டிருக்கிறார். இரண்டில் ஒன்று பிழை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எள்ளும் தண்ணீரும் விடுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். அவன் இல்லை என்றால் நான் பிடிக்கிற விரதமும் நேர்த்தியும் யாருக்கு. நவம்பர் பதினோராம் திகதி கந்தசஷ்டி தொடங்குகிறது, ஆறு வருஷமும் மிளகும் தண்ணீருமாக அவன் வர வேண்டும் என்று விரதம் இருந்தேன், ஏழாம் வருஷம் எதைக் கேட்டு இருப்பது என்று எனக்குத் தெரிய வேண்டும். அம்மா தாங்கமாட்டாள் என்று நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்திருந்தால், தாங்குவேனோ மாட்டேனோ எனக்கும் தெரியாது, ஆனால் எனக்கு ஒளித்துச் செய்வதை மன்னிக்க மாட்டேன்.

நேற்றுச் சனிக்கிழமையும் அப்பா சப்பாத்தைப் போட்டார். எள்ளுப் போத்தலை நான் சாமிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன், அவர் தேடவுமில்லை கேட்கவுமில்லை. நானும் வருகிறேன் என்றேன், வா என்றார். அரைவாசி இலை விழுந்துவிட்டது, கிறீக் ஓரமெல்லாம் செத்த மீன் நாற்றம், நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினேன், அவர் எனக்கு வழுக்குகிற இடங்களில் கை கொடுத்தார். கரையில் போய் நின்று கன நேரம் பார்த்தார். பிறகு குனிந்து வெறும் தண்ணீர் ஒரு கை அள்ளினார். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அவர் இழுக்கவில்லை, அப்படியே நின்றார். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகிப் போய்விட்டது. எந்தப் பக்கத்தால் போனது என்று நான் பார்க்கவில்லை, லேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குளிர் வருகிறது, அட்சயாவைக் காதை மூடிக் கூட்டிக்கொண்டு போ, நீயும் வேலையால் வந்தவுடன் வெறுங்காலில் நிற்காதே. மருமகனிடம் நான் கேட்டதாகச் சொல்லு. பிள்ளையாரும் முருகனும் உங்கள் மூன்று பேருக்கும் துணை நிற்க வேண்டும், உன் பிள்ளை உன் கண்ணுக்கு முன்னால் வளர வேண்டும், எனக்கு இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் சொல்லத் தெரியாது.

கோல் எடுக்க வேண்டாம், போனை முதலில் எடுப்பது அப்பா, குரலிலும் ஒளிக்கலாம். கையால் எழுது. எங்கள் தபால் பெட்டியைப் பூட்டித் திறக்கிற திறப்பு அவரிடம்தான், அதனால் மேலே குணவதி அக்காவின் பெயருக்கு, 804ஆம் இலக்கத்துக்குப் போடு. மாஸ்ரர் என்ன சொன்னார் என்பதைச் சொன்னபடியே எழுது, கூட்டாமல் குறைக்காமல். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதையும் அப்படியே எழுது. அது வரும்வரை போத்தல் பூட்டில் இருக்கும்.

அன்பு அம்மா,
தி. தெய்வநாயகி

சஷ்டிக்கு முதல் பதில் கிடைக்க வேண்டும். கண்டவுடன் எழுது மகள்.