சுகாசினியின் முறை

சின்ன காஞ்சிபுரம்
ஜூன் 10

அன்புள்ள சுகா,

நலமா? மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் நம் ஞாயிற்றுக்கிழமைக் கதை விளையாட்டுக்கு நீ வந்து பல வாரங்கள் ஆகின்றன. போன் செய்தால் எடுப்பதில்லை. அதனால் இதை ஹர்ஷினி கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கதையில் நானும் அபினவும் ஹர்ஷினியும் இன்னும் அந்த மூழ்கிய நகரத்தில்தான் இருக்கிறோம். கதை சொல்கிறவன் என்ற உரிமையில் பனியை இறக்கியிருக்கிறேன். தண்ணீருக்கடியில் மணிகள் தானாக அசைகின்றன. உன் வில்லாளி நீலாம்பல், கோபுரப் படியில் நிற்கிறாள். அவள் காயை யாரும் தொடவில்லை. பகடை உருட்டி வரிசை போடுவதை நிறுத்திய பிறகு சண்டை வேகமாகப் போகிறது. முதலில் சொல்கிறவர் நகரலாம், அடிக்கலாம். ஆனால் நீ இல்லை. என்ன கோபம்?

யுவராஜ்

ஏனாத்தூர்
ஜூன் 13

அன்புள்ள யுவா,

கோபமில்லை. எனக்குத் திக்குவாய். 'நான்' என்று சொல்லி முடிப்பதற்குள் அபினவின் வாள் இறங்கிவிடுகிறது. பகடை இருந்தபோது, கடைசியாக வந்தாலும் ஒரு முறை எனக்கென்று இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பீர்கள். அந்த அமைதியில்தான் அந்த நகரத்தின் தண்ணீர்ச் சத்தம் எனக்குக் கேட்கும். வெளியில் என் வார்த்தையை மற்றவர்களே முடித்துவிடுகிறார்கள், பாதி நேரம் தப்பாக.

உங்கள் வேகத்தை ஏன் கெடுக்க வேண்டும்? நீலாம்பலைத் தண்ணீரில் விட்டுவிடு. மீனாகட்டும்.

சுகாசினி

சின்ன காஞ்சிபுரம்
ஜூன் 17

சுகா,

மீனாக்க மாட்டேன். பகடையை மறுபடி மேசைமேல் வைத்துவிட்டேன். ஒருவர் முறையில் மற்றவர் வாய் திறக்கக் கூடாது. சண்டை இழுக்கும் என்றான் அபினவ். "இழுக்கட்டும்பா, அவ பேசட்டும்" என்றாள் ஹர்ஷினி. ஞாயிறு வா.

யுவா

ஏனாத்தூர்
ஜூன் 24

அன்புள்ள யுவா,

நேற்று என் பகடையில் எண் ஒன்று விழுந்ததும் சிரித்துவிட்டேன். எனக்குத்தான் கடைசி முறை. அதற்குள் நீர்ப்பாம்பு அபினவைச் சுற்றிக்கொண்டது. நான் அம்பு விடுவேன் என்றுதான் எல்லோரும் நினைத்தீர்கள். வார்த்தை வர எவ்வளவு நேரமானதோ தெரியவில்லை. டீ ஆறிப்போனது. அபினவ் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான், பாவம். "நா... நான் அவன்கிட்ட நடந்து போறேன். கை குடுத்து மேல தூக்கறேன்" என்றேன். என் குரலைக் கடைசிவரை நானே கேட்டேன். பனிக்குள் நடந்தது போலவே இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் "எங்கே?" என்றார். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். "ஏனாத்தூரா?" என்றார். தலையாட்டியிருந்தால் போதும்.

"இ... இருங்கண்ணா, நானே சொல்றேன்."

அவர் கை டிக்கெட் கட்டின்மேல் அப்படியே நின்றது. பின்னால் இருந்தவர்களும் காத்திருந்தார்கள். சொல்லி முடித்தேன்.

அன்புடன்,
சுகா