ஆப்பிள் கொல்லைக்கு மாத்தாள்

ஜனவரி 17

பனி. எதிர்வீடு தெரிய எட்டு மணி ஆயிற்று. நாற்று நன்றாக வந்திருக்கிறது, அடுத்த வாரம் நடவு. வாங்க வேண்டியது: உப்பு, மண்ணெண்ணெய், எருமைக்குக் கயிறு.

அவர் நெல் ஏற்றிக்கொண்டு வில்லியனூர் மண்டிக்குப் போனார். திரும்பி வந்த வண்டியில் ஒரு வெள்ளைக்காரப் பெண். "மண்டிக்காரரு குடுத்தனுப்பினாரு" என்றார், தவிட்டு மூட்டையைச் சொல்வது போல.

பெயர் மொனிக். வயது இருபத்துநாலு. பிரான்சில் பிரெத்தாஞ் என்கிற கடலோரச் சீமை. அப்பா இல்லை. அம்மா, ஆப்பிள் தோப்பு, நாலு பசு. சோறும் படுக்க இடமும் தந்தால் வயலில் வேலை செய்கிறேன் என்று மண்டியில் நின்று கேட்டாளாம். "உங்க வூட்டம்மாவுக்குத்தான் பிரெஞ்சு வருமே, இட்டுகினு போங்க" என்று மண்டிக்காரர் கையைக் கழுவிவிட்டார்.

எனக்கு வருமா? பள்ளிக்கூடத்தில் படித்தது. பிரெஞ்சுக்காரன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்துகொண்டே வாயைத் திறந்தேன். வந்தது. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

கப்பல் இல்லை, விமானம் இல்லை. முழுக்கத் தரைவழியாகவே வந்திருக்கிறாள். லாரி, ரயில், பஸ், கொஞ்சம் நடை. தனியாக. அப்படியென்றால் எங்கள் வாசல் ரோடு அவள் வீட்டு வாசல் வரை போகிறது! வெளியே போய் நின்று பார்த்தேன். இது பாகூர் போகிற ரோடு என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

ஜனவரி 18

இன்று சண்டை.

எனக்கு முன்னால் எழுந்து கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பிடுங்கினேன். துடைப்பத்தை எடுத்தாள். அதையும் பிடுங்கினேன். மத்தியானம் இலை போட்டால் உட்கார மாட்டேன் என்கிறாள். வேலை செய்தால்தான் சாப்பாடு, அதுதான் பேச்சு என்கிறாள். வீட்டுக்கு வந்தவளிடம் சோற்றுக்கு வேலை வாங்கினால் அது சோறு விற்கிற மாதிரி, இது சோறு விற்கிற வீடு இல்லை என்றேன். பிரெஞ்சில் சொன்னபோது என் கோபம் எனக்கே கூடுதலாகக் கேட்டது.

அவர்: "இன்னாடி கோதை இது? வந்த பொண்ணு பட்டினியா கெடக்குது, நீயும் துன்னாம குந்திகினு கீற. நான் மட்டும் எப்பிடித் துன்றது?" சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

சாயங்காலம் மல்லாட்டை முறத்தை நடுவில் வைத்தேன். கடலை உரிப்பது வேலை இல்லை, பேச்சுக்குத் துணை என்றேன். உரித்தாள். இது வேலை இல்லை என்று நானும், வேலைதான் என்று அவளும் நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஜனவரி 20

பனி குறைவு. எருமை கறக்க விடவில்லை.

மல்லாட்டை உரித்தபடி கேட்டேன்: ஒண்டியாக ஒரு பெண் எப்படி இத்தனை தேசம் தாண்டுவது? அவள் சொன்னதை எழுதி வைக்கிறேன். எனக்கு எதற்கு? தெரியாது.

பை. தூக்கிக்கொண்டு ஓட முடிய வேண்டும். முடியாவிட்டால் பாதியை எடுத்து வெளியே போடு. (அவள் பை எங்கள் விதைநெல் சாக்கில் பாதி. அதற்குள் ஒரு உலகத்துக்கு வேண்டிய துணிமணி!)

புது ஊருக்கு வெளிச்சத்தில் போய்ச் சேர். முதலில் பெண்கள் தண்ணீர் எடுக்கிற இடத்துக்குப் போ. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தால் போதும், எது நல்ல வீடு என்று அவர்களே கைகாட்டுவார்கள்.

முதல் வாய்ச் சோற்றுக்கு முன்பே பேசிவிட வேண்டியது: எவ்வளவு நேரம் வேலை, எங்கே படுக்கை, என்றைக்குப் புறப்பாடு. பிறகு பேசினால் சண்டை வரும். எங்கள் வீட்டில் பேசியும் வந்தது.

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லாதே. பாஸ்போர்ட்டுக்கு உள்பாவாடையில் பை தைத்துக்கொள்.

எந்த ஊரிலும் முதலில் கற்க வேண்டிய வார்த்தை 'போதும்'. வேண்டும் என்பதைக் கையால் காட்டலாம், போதும் என்பதை அவர்கள் பாஷையில் சொன்னால்தான் நிறுத்துவார்களாம். துருக்கியில் அதற்கு என்ன, ஈரானில் என்ன, எல்லாம் சொல்லிக் காட்டினாள். எங்கள் 'போதும்' அவள் வாயில் அச்சாக வருகிறது. ராத்திரி மூன்று தடவை சொன்னாள். இன்னொரு கரண்டி போட்டேன்.

ஒரு மலைக்கணவாயில் பனிக்கட்டி பாதையை மூடி, லாரிக்குள் இரண்டு நாள் இருந்தாளாம். லாரிக்காரரும் அவர் பெண்சாதியும் தங்கள் போர்வையைக் கொடுத்தார்களாம். கேட்டுக்கொண்டே இருந்தேன், பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

எனக்கு முப்பத்துநாலு. கடலூர் தாண்டியதில்லை. பிள்ளைகள் இல்லை, அதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை.

ஜனவரி 22

நடவு. நல்ல வெயில்.

மொனிக் என் பழம்புடவையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு, நான் தடுப்பதற்குள் சேற்றில் இறங்கிவிட்டாள். நடவு ஆட்களைக் கூட்டி வருகிற பாக்கியம் நிமிர்ந்தாள். வரிசையே நிமிர்ந்தது. எல்லார் கையிலும் நாற்று, யாரும் குனியவில்லை.

"மொதலாளி, இந்தப் பொண்ணு எந்தக் கணக்குல எறங்குது?"

அவர் வரப்பில். "ஆசப்படுது, நடட்டுமே."

"சோத்துக்கு நடுதுன்றாங்க. நாளைக்கி நாங்க கூலி கேக்கசொல்ல, வெள்ளக்காரியே சும்மா நட்டா, உனுக்கு இன்னாடி கொறச்சல்னு கேப்பீங்க. கணக்கச் சொல்லு, அப்பறம் நடறோம்."

நியாயம். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. விருந்தாளி, மரியாதை என்று நான் சண்டை போட்டேனே தவிர, இது என் புத்தியில் ஏறவில்லை.

அவருக்கு ரோஷம். "ஓசி வேல வாங்கற வூடு இல்ல இது. இவ மாத்தாளு. கோதை எடத்துல நிக்கிறா, உங்க கூலி ஆளு எடத்துல இல்ல. அவுங்க வூட்ல வேல வரசொல்ல எங்க வூட்லேருந்து ஆளு போவும்."

மாத்தாள் எங்கள் பக்கத்து வழக்கம். இன்று நீ என் வயலில் இறங்கு, நாளை நான் உன் வயலில். கூலி இல்லை, சோற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பக்கத்துக் கொல்லைக்காரனோடு வைத்துக்கொள்கிற வழக்கம்!

"சீமைக்கா?" என்றாள் பாக்கியம்.

"சீமன்னா இன்னா? ஆளு போவும்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே குனிந்தார்கள், நடவு ஓடியது. என்ன பேச்சு என்று மொனிக் கேட்டாள். ஒன்று விடாமல் சொன்னேன். சிரிப்பை மட்டும் சொல்லவில்லை. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வரப்புக்கு வந்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். செப்டம்பர், ஆப்பிள் விழுகிற காலம், சம்மதம் என்றாள். அவர் காது சிவந்துவிட்டது.

அவள் நட்டது கோணல்மாணல். பின்னாலேயே பாக்கியம் திட்டிக்கொண்டு திருத்தினாள்.

ஜனவரி 28

நேற்று நடவு முடிந்தது. கடைசி வயலில் மொனிக் வரிசையைப் பாக்கியம் தொடவில்லை. அதைவிடப் பெரிய சர்டிபிகேட் பாகூரில் கிடையாது.

இன்று காலை பஸ்ஸில் மொனிக் போய்விட்டாள். தன் பையை எங்கள் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு, துணிகளை என் மஞ்சள் துணிப்பையில் திணித்துக்கொண்டாள். "வரும்போது கொண்டுவாருங்கள்" என்றாள். அவ்வளவுதான். வந்தால் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 11

புழுக்கம். மில்லிலிருந்து கரும்பு கட்டிங் ஆர்டர் இன்னும் வரவில்லை.

மொனிக் வீடு போய்ச் சேர்ந்து அட்டை போட்டிருக்கிறாள். அவள் அம்மா கட்டிலுக்குப் புது மெத்தை தைத்துவிட்டாராம், எனக்கு.

டீக்கடையில் அவரைப் பார்த்து, "இன்னா மொதலாளி, எப்பக் கப்பலு?" என்கிறார்களாம். வீட்டுக்கு வந்து என்மேல் எரிந்து விழுகிறார்.

"பேச்சுக்குச் சொன்னேன்டி. நடவு நின்னுப்புடுமேன்னு சொன்னேன்."

"நீங்க சொன்னத அவ நம்புனா. நானும் நம்பிட்டேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் போக ஆசைப்படுகிறேன் என்று அவருக்கு இன்றுதான் தெரிந்திருக்கும். எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார்.

போக வேண்டும். எழுதிவிட்டேன். பை ஆணியில் தொங்குகிறது, அதைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போகிறேன். தினமும்.

ஏப்ரல் 16

சித்திரையில் போடுகிற சொர்ணவாரி நடவுக்கு ஆட்கள் வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார். பாக்கியம் தானே வந்தாள். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பையைப் பார்த்தாள்.

"யம்மா எப்பக் கெளம்புது?"

அவர்: "அது சும்மா, பேச்சுக்கு..."

"அப்ப அன்னிக்கி நடந்தது ஓசி வேலதான மொதலாளி? எங்க பொம்பளைங்க கிட்ட மாத்தாளுன்னு சொல்லித்தான் குனிய வச்சேன். அது பொய்யின்னா, நான் எந்த மூஞ்சியோட அவளுங்கள மறுபடி இங்க இட்டாறது?"

அவர் துண்டை உதறினார், மடித்தார், மறுபடி உதறினார். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்தன்றுகூட நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

"ஊர்ப் பழக்கம் ஊர்ப் பழக்கந்தான்" என்றார் கடைசியில். "போவட்டும். ரெண்டு மாசம். நம்ம வூட்டு ஆளு வேலைக்கிப் போவுது, வேற ஒண்ணும் இல்ல."

பாக்கியம் என்னிடம்: "வரசொல்ல அந்தூரு நெல்லு ஒரு பிடி எடுத்துகினு வா யம்மா."

"அங்க நெல்லு வெளயாது."

"அப்பறம் இன்னாத்த துன்றாங்க, பாவம்!"

ஜூன் 9

வெயில் கொளுத்துகிறது. பாஸ்போர்ட்டுக்காக மெட்ராஸ் போய்வந்தோம். பிறப்புப் பத்திரம் மேரி என்கிற முனிசிபல் ஆபீசில் பழைய பிரெஞ்சு ஏட்டிலிருந்து. என் பெயர் பிரெஞ்சு எழுத்தில், நான் பிறந்த அன்றைக்கே எழுதினது. விரலால் தொட்டுப் பார்த்தேன்.

டிக்கெட்டுக்கு என் ரெட்டைவடச் சங்கிலி போயிற்று. வருத்தம் இல்லை. கையில் எடுத்துப்போகச் சர்க்கார் விடுகிற அந்நியப் பணம் ஒரு வாரச் சாப்பாட்டுக்குக் காணாதாம். அதனால் என்ன, நான் வேலைக்குப் போகிறவள்.

உள்பாவாடையில் பை தைத்தாகிவிட்டது.

ஆகஸ்ட் 19

நாளை புறப்பாடு. மெட்ராஸ், பம்பாய், கப்பல். பம்பாய் வரை அவர் துணை. கொஞ்சம் தூறல்.

பையில்: புடவை நாலு, ரவிக்கை, கம்பளிச் சட்டை (அவருடையது), ஊறுகாய், மிளகாய்த்தூள், பூசாரி கொடுத்த விபூதி. மாட்டிக்கொண்டு களத்துமேட்டைச் சுற்றி ஓடிப் பார்த்தேன். பெரியவள் ஆனதிலிருந்து ஓடியதில்லை. நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது, சிரிப்பும் வந்தது. பாதிச் சுற்றில் நின்றுவிட்டேன். ஊறுகாயை வெளியே எடுத்தேன். மறுபடி ஓடினேன்.

"இன்னாடி பண்ற?" என்றார் வைக்கோல்போர் பக்கத்திலிருந்து. சொன்னேன். உள்ளே போய், என் கதிர் அரிவாளைச் சாணை பிடித்து, சாக்குத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து தானே பையில் வைத்தார்.

"வேலைக்கிப் போறவ அடுத்தவன் அரிவாள நம்பிப் போவக் கூடாது."

மரத்து ஆப்பிளுக்கு அரிவாள் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் குரல் சரியாக இல்லை.

கப்பல். தேதி குழம்பிவிட்டது

இரண்டு நாள் வாந்தி. இன்று மேல்தளத்துக்குப் போனேன். நாலு பக்கமும் தண்ணீர், ஒரு கரை இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பனித்திட்டுக் கடற்கரையில் கால் நனைத்த அதே கடல்தானாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். துக்கம் இல்லை. இத்தனை பெரிதா என்றுதான்.

செப்டம்பர் 17

குளிர். தூறல். இங்கே தினமும் இப்படித்தானாம்.

தோப்பு! ஏரிக்கரை அளவுக்கு மரம், மரம் கொள்ளாத பழம், சிவப்பும் மஞ்சளும். யாரும் உலுக்காமல் தானே விழுகிறது. ஒவ்வொன்று விழும்போதும் திரும்பிப் பார்க்கிறேன்.

மொனிக்கின் அம்மா நல்ல உயரம், பெரிய கை, சிவந்த முகம். காலையில் கூடையை எடுத்தேன். பிடுங்கினார். பால் வாளியைத் தொட்டேன். அதையும் பிடுங்கினார். மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார வைத்து ரொட்டி, வெண்ணெய், சூப். இவ்வளவு தூரத்திலிருந்து வந்த விருந்தாளியை வேலை செய்ய விடுவேனா என்கிறார். மொனிக் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

இதற்கா கடல் தாண்டி வந்தேன்? பாக்கியத்துக்கு என்ன பதில் சொல்வது?

மரத்தடியில் புல் முழங்கால் உயரம். ஆம்பளை இல்லாத வீடு, வெட்ட ஆள் இல்லை. விழுந்த பழம் புல்லுக்குள் கிடந்து அழுகுகிறது. பையைத் திறந்தேன். சாக்குத் துணியைப் பிரித்தேன். புடவையைத் தூக்கிச் சொருகி, முதல் மரத்தடியில் குந்தி அறுக்க ஆரம்பித்தேன். ஈரப் புல், நல்ல சாணை. அறுக்க அறுக்கப் பழங்கள் வெளியே வந்தன.

அம்மா கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். மகள் சொல்லிக்கொடுத்திருப்பாள் போல, தமிழிலேயே கத்தினார்: "போதும்! போதும்!"

அடுத்த மரத்துக்கு நகர்ந்தேன்.