நீங்கள் பாதியில் வைத்த சூப்

அப்பா,

கொல்லையில் கோழியை வாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மஞ்சள் தடவிய தோல் தீயில் பொசுங்கும் வாசம் சன்னல் வழியாக என் மேசை வரைக்கும் வந்துவிட்டது. இன்றைக்கு ஆடிப் பதினெட்டு. நம் வீட்டில் இறந்தவர்களுக்குக் கறி சமைத்து இலை போட்டுப் படைக்கிற நாள். போன வருடம் தாத்தாவுக்குப் படைத்தபோது நீங்கள் என் பக்கத்தில் நின்று கும்பிட்டீர்கள். இந்த வருடம் இலை உங்களுக்கு.

பெரியப்பா காலையிலேயே வந்துவிட்டார். "தொடக்கறி ரெண்டையும் அவன் எலைக்கே வெச்சுரோணும் அம்மிணி. லாரிய விட்டு எறங்குனா அவனுக்கு அதுதான மொதல்ல வேணும்" என்று சொல்கிறார். அம்மா, "ஆமாங்க மாமா, எனக்குத் தெரியாதுங்களா" என்கிறார்.

அம்மாவுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உங்கள் இலையில் கறி இருக்காது. சொல்வதா வேண்டாமா என்று புரியவில்லை. அதனால்தான் உங்களிடமே கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

நான் எட்டாவது முடித்த கோடையில் அந்தப் பூங்காவுக்குப் போனோமே. கட்டுரைப் போட்டியில் ஜெயித்ததற்குப் பரிசாக இரண்டு சீட்டு கொடுத்திருந்தார்கள். அம்மா வரவில்லை. "எனக்கு அந்த ராட்டனத்தப் பாத்தாவே கிறுகிறுன்னு வரும். அப்பனும் புள்ளையும் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுக் கோழிப் பண்ணைக்கு முட்டை எடுக்கப் போய்விட்டார்.

சேலம் ரோட்டில் இருக்கும் அந்தப் பூங்காவில் அப்போது மலர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ராட்டினங்களுக்கு நடுவில் பூவாலேயே யானையும் மயிலும் செய்து நிறுத்தியிருந்தார்கள். நான் ஒவ்வொரு செடியின் பெயர்ப் பலகையையும் சத்தமாகப் படித்தபடி நடந்தேன். நீங்கள் மயிலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மட்டுமே ஒரு லோடு செவ்வந்தி எறக்கியிருப்பாங்க சாமி. வாடறதுக்குள்ள எப்படிக் கொண்டாந்தாங்களோ" என்றீர்கள். எதைப் பார்த்தாலும் உங்களுக்கு லோடுதான்.

பூச்செடிகளைத் தாண்டினால் சாப்பாட்டுக் கடைகள். மலர்த் திருவிழா என்பதால் எல்லாமே சைவம். இலையில், பூவில், கிழங்கில் செய்த பலகாரங்கள். "சைவமாம்ப்பா, உங்களுக்குப் புடிக்காதே" என்று நான் வருத்தப்பட்டேன். நீங்கள் நேராகப் போய் முருங்கைக்கீரை அடை வாங்கினீர்கள். பிறகு வாழைப்பூ வடை. பிறகு வாழையிலையில் வேகவைத்த இனிப்புக் கொழுக்கட்டை. வீட்டில் நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சாப்பிடுவீர்கள். அங்கே நின்றுகொண்டே, விரலைச் சூப்பிக்கொண்டே சாப்பிட்டீர்கள். வடை சுட்ட அக்கா உங்களைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணன ஊட்டுல பட்டினி போட்டுட்டாங்களா பாப்பா?" என்று என்னிடம் கேட்டார். "இல்லீங்க, எங்கூட்டுல வாரத்துக்கு ரெண்டு கோழி அடிப்பாங்க" என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

கடைசிக் கடையில்தான் அந்த சூப். முடவாட்டுக்கால் சூப் என்று எழுதியிருந்தது. கால் என்று படித்ததும் நீங்கள் தயங்கினீர்கள். கடைக்காரர், "கிழங்குங்கண்ணா, கொல்லிமலைல பாறையில மொளைக்கறது. கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சுப் பாருங்க, ஆட்டுக்கால் சூப்பேதான்" என்று இரண்டு குவளையை நீட்டினார். அவர் சொன்னது உண்மை. மிளகும் சீரகமும் சேர்ந்து, கறிச்சாறு மாதிரியேதான் இருந்தது. நான் முழுவதும் குடித்தேன். நீங்கள் இரண்டு வாய் குடித்துவிட்டுக் குவளையைப் பக்கத்துச் சுவரில் வைத்தீர்கள். உங்கள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"சூடாப்பா?"

"சூடில்ல சாமி. கறி மாதிரியே இருக்குது."

"அதுதான நல்லது?"

நாம் ஒரு செம்பருத்திச் செடியின் ஓரமாக உட்கார்ந்தோம். நீங்கள் செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். வெயில் காலத்தில் ஒருமுறை, முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளைக் கூண்டுகூண்டாக ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போனபோது, வழியில் ஒரு மரம் விழுந்து ரோடு அடைத்துக்கொண்டது. உச்சி வெயில். முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி.

"இருந்த தண்ணியெல்லாம் மேல ஊத்தினேன். பத்தல. மொதல்ல லாரியே அதிர்ற மாதிரி கத்துச்சுங்க. அப்புறம் சத்தம் கொஞ்சங்கொஞ்சமா கொறஞ்சுது. சாயங்காலம் ரோடு தொறக்கறப்ப ஒரு சத்தமுமில்ல. நான் சீட்டுலயே உக்காந்துட்டிருந்தேன். அதுக்கப்புறம் கறி எறங்க மாட்டேங்குது சாமி. வாயில வெச்சா அந்த அமைதிதான் ஞாபகம் வருது."

"அப்புறம் எப்படி ஊட்டுல சாப்புடறீங்க?"

"மெல்லாம முழுங்கிருவேன்."

அம்மாவிடம் சொல்லிவிடலாமே என்று கேட்டேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "வண்டிச் சத்தம் கேட்டதுமே உங்கம்மா கோழி புடிக்கத் தொரத்துவா. கொழம்பு கொதிக்கறப்ப அவ மொகத்தப் பாத்திருக்கறயா? லைன் ஓட்டம் முடிச்சு நான் ஊட்டுக்கு வாரதே அதப் பாக்கத்தான். நீ சொல்லீராத."

அன்றைக்கு நான் தலையாட்டினேன். இந்தத் தை மாதத்தில் ஒரு நாள், லாரியைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்து படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. அதோடு அந்த விஷயம் என்னிடம் மட்டும் தங்கிவிட்டது. நீங்கள் இருந்தவரைக்கும் அது உங்கள் விருப்பம், நான் வெறும் துணை. இன்றைக்கு உங்கள் இலையில் உங்களுக்கு இறங்காததை வைக்கப் போகிறார்கள். இப்போதும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்குமா அப்பா? போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

*

திரும்பவும் உட்கார்ந்திருக்கிறேன். படைத்து முடிந்துவிட்டது.

சொல்லத்தான் போனேன். அம்மா அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தை மாதத்துக்குப் பிறகு அந்த அடுப்பில் கறி வெந்ததில்லை. இத்தனை மாதமாக அம்மா ரசமும் சோறும் தவிர வேறெதுவும் ஒழுங்காகச் சமைத்ததுமில்லை. இன்றைக்கு உள்ளங்கையில் குழம்பை ஊற்றி நக்கிப் பார்த்துவிட்டு, உப்பு போட்டு, திரும்பவும் ஊற்றிப் பார்த்தார். நீங்கள் அன்றைக்குப் பார்த்திருக்கிறாயா என்று கேட்ட அந்த முகம் இதுதான் என்று தெரிந்தது.

"என்ன சாமி?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்கம்மா. தேங்கா திருவித் தரட்டுங்களா?"

கற்பூரம் காட்டிக் கதவைச் சாத்தி, கொஞ்ச நேரம் எல்லோரும் வெளியே நின்றோம். உங்கள் படத்துக்கு முன்னால் அந்தக் கறி ஆறிக்கொண்டிருப்பதை நினைத்து எனக்கு அழுகை வந்தது. மற்றவர்கள் உங்களுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அதுவும் சரிதான்.

உள்ளே போனதும் பெரியப்பா, "அவன் எலைல புள்ள உக்காரட்டும்" என்றார். அம்மா என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். தொடைக்கறியைக் கையில் எடுத்தபோது எனக்கும் இறங்காது என்றுதான் நினைத்தேன். உங்களைப்போல மெல்லாமல் விழுங்கிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் மென்றேன்.

நன்றாக இருந்தது அப்பா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எலும்புவரைக்கும் காரம் ஏறி, அவ்வளவு ருசியாக இருந்தது. இந்த ருசியைத்தான் நீங்கள் இத்தனை காலம் தெரியாமலே விழுங்கினீர்கள், அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது.

"இன்னொரு துண்டு வெக்கட்டா?" என்றார் அம்மா.

வைக்கட்டும் என்று இலையை அவர் பக்கமாக நகர்த்தினேன்.