காலாவதி உண்டு

சித்திரபுரம்
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகன் ஜோஜோவுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் தங்கச்சி சிஞ்சுவும் நலமாக இருக்கிறோம். நீயும் மஸ்கட்டில் நலம் என்றுதான் போனில் சொல்கிறாய், அதை நம்பத்தான் முடியவில்லை. ஏதாவது கேட்டால் சிக்னல் இல்லை என்று கட் பண்ணிவிடுகிறாய், அதனால்தான் கடிதம். லீவு முடிந்து திரும்பும் உன் ரூம்காரன் ரிஜின் கையில் கொடுத்தனுப்புகிறேன், நன்றாகப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன், பிரித்த அடையாளம் இருந்தால் எனக்குச் சொல்.

அந்தப் பையன் மேலும் எனக்குச் சந்தேகம்தான். போன வாரம் வீட்டுக்கு வந்தவனிடம், ஜோஜோ கார்டெல்லாம் சரியா இருக்காப்பா என்று கேட்டேன். அவன் மலையாளத்தில், காலாவதி உண்டு அம்மச்சீ, பேடிக்கண்டா என்றான். கையிலிருந்த டீத்தட்டைப் போட்டுவிட்டேன். என் பிள்ளை கார்டு காலாவதியாகிப் போச்சே என்று நான் அழ, அவன் முழிக்க, கரண்டு ஆபீசில் மலையாளிகளோடு வேலை பார்த்த உன் அப்பாதான் ஓடிவந்து, அவுக பாஷையில காலாவதின்னா செல்லுற காலம், கார்டு இன்னும் செல்லும், பயப்படாதீங்கன்னு சொல்லுதான், நீ எதுக்கு ஒப்பாரி வைக்க என்று சிரித்தார். நானும் வெட்கப்பட்டுச் சிரித்தேன். சிரிப்பு அடங்கின பிறகுதான், எந்தக் கார்டு என்று கேட்கத் தோன்றியது. பேங்கு கார்டு என்றான். அங்கே தங்குகிற கார்டு என்னாச்சு என்றதும் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று, மறுபடி போட்டுக் கொடுத்த டீயைத் தொடாமல் எழுந்துவிட்டான். அந்த நேரத்தில் இங்கே ஏது பஸ்?

நீயும் அப்படித்தான், கார்டு இருபத்தேழு வரைக்கும் இருக்கும்மா என்றாய். நீ அனுப்பின கார்டு போட்டோக்களைப் பெரிதாக்கிக் காட்டும்படி சிஞ்சுவிடம் சொன்னேன். பேங்கு கார்டில்தான் 08/27 என்று இருக்கிறது, அந்த மாதக் கடைசி வரை ஏடிஎம்மில் போடலாம் என்கிறாள். தங்குகிற கார்டில் நாள், மாதம், வருஷம் மூன்றும் இருக்குமாம், அந்த இடத்தில் உன் கட்டைவிரல் இருக்கிறது. முகம் மறையவில்லை, பேர் மறையவில்லை, தேதி மட்டும் மறைந்திருக்கிறது. பணம் எடுக்கிற கார்டு செல்லும் என்றால் ஆளும் அங்கே இருக்கலாம் என்று ஆகிவிடுமா? அம்மா எஸ்டேட் பள்ளிக்கூடத்தோடு நின்றவள்தானே என்று இப்படிச் செய்கிறாயா? ரெண்டு கிறிஸ்துமஸாக லீவு இல்லை என்கிறாய். நிஜமாகவே லீவு இல்லையா, ஏர்போர்ட்டில் கார்டைக் கேட்பார்கள் என்ற பயமா?

தேதி முடிந்திருந்தால் முடிந்துவிட்டது என்று சொல், திட்ட மாட்டேன். கம்பெனியில் கேட்டுப் புதுப்பித்துக்கொள், முடியாது என்றால் நேரே நம் எம்பஸிக்குப் போய் உள்ளதைச் சொல், ஏஜெண்ட் எவனையும் நம்பாதே. ரோட்டில் போலீஸைக் கண்டு என் பிள்ளை ஒளிகிறானோ என்று நினைத்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். சிஞ்சு கல்யாணத்தை அறிவித்து மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டுமே, எப்போது தொடங்கலாம் என்று பங்குச் சாமியார் இன்றைக்குக் கேட்டார். இவளோ, அண்ணன் என்னைக்கு வாரான்னு தெரியாம ஓலை வாசிக்க வேண்டாம்மா என்று ஒரே பிடிவாதம். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை சாமி என்று கோவிலுக்குள் நின்றே சொல்லிவிட்டு வந்தேன், பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே. அடுத்த ஞாயிறும் சாமியார் கேட்பார், நான் என்ன சொல்ல வேண்டும் என்று நீயே எழுது.

உன் அம்மா
அன்னாள் ஆசீர்வாதம்