ஃபாடிலின் தொப்பியில் இருந்த சிவப்புப் பூச்சி

அன்பு மகள் மெர்சிஹாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் பூனையும் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதைக் கணக்கில் சேர்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் லின்ஸில் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் தினசரி வேண்டுதல். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ குறுக்கே விழுந்து “விட்டுடும்மா, பெரிய மனசு பண்ணு” என்பாய். பெரிய மனசு உன் அப்பாவுக்கு இருந்தது, அவரோடு போய்விட்டது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் முழுதும் படி.

என்னோடு அதே ஆற்றில் தூண்டில் போடும் ஃபாடில் விஷயம்தான். போன குளிர்காலத்தில் அந்தப் பெரிய மீன் என் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு ஓடியதும், அதன் வாயோடு உன் அப்பா கடைசியாகக் கட்டிய பொய்ப்பூச்சி போனதும் உனக்குத் தெரியும். மீனை ஏமாற்ற, உன் சின்ன வயதுச் சிவப்பு ஸ்வெட்டரைப் பிரித்து அந்த நூலைத் தூண்டில் முள்ளில் சுற்றி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கை நடுங்க நடுங்கக் கட்டியது. தலைப்பக்கம் நூல் தடித்து, உடம்பு ஒரு பக்கம் கோணி, சானா ஆற்றில் அதைவிட அசிங்கமான பூச்சியை எவரும் கட்டியதில்லை. யார் நரம்பை அறுத்துக்கொண்டு போன மீன் யார் கையில் சிக்கினாலும், வாயில் இருக்கும் பூச்சியை உரியவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கே ஒரு காப்பி குடித்துவிட்டு வருவதுதானே நம் ஆற்று வழக்கம்? உன் அப்பா எத்தனை வீட்டுக் காப்பி குடித்திருக்கிறார்! அந்த மீனைப் பிடித்த ஃபாடில், பூச்சியைப் பிடுங்கித் தன் தொப்பியில் குத்திக்கொண்டான். அது என் வீட்டுக்காரர் கட்டியது, கொடுடா என்று காப்பிக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டேன். “இது நான் கட்டுனதுக்கா, உங்க கண்ணுக்கு எதப் பாத்தாலும் ராகிப் அண்ணன் கட்டுன மாதிரிதான் தெரியும்” என்றான். கடையே சிரித்தது.

அவனுக்கு மீன் நிற்கும் இடம் தேடத் துப்புக் கிடையாது. பாலத்தின் மேல் நின்று தொலைநோக்கியால் என்னைப் பார்ப்பான், நான் இன்று நின்ற இடத்தில் நாளை அவன் நிற்பான். சரி வாடா என்று, இந்தக் குளிர்காலம் பழைய ஆலைக்குக் கீழே இருக்கும் மடுவைப் பிடித்தேன். வாடைக்காற்று முகத்தில் அறையும், தவளைகூடக் குடியிருக்காத இடம். அங்கே தண்ணீருக்குள் கிடக்கும் மரத்தில் வேண்டுமென்றே முள்ளை மாட்டி, கழியை வில்லாக வளைத்து, பெரிய மீன் தப்பிய மாதிரி ஐயோ போச்சே என்று கத்தினேன். நடிப்பு எனக்கு இவ்வளவு வரும் என்று எனக்கே தெரியாது. மறுநாளே ஆள் ஆஜர். பிறகு தினமும் அவன் கழியில் நரம்பு ஓடும் வளையங்களில் உறைந்த ஐஸை வாயால் ஊதி ஊதி அங்கே நிற்பதும், நான் கரையில் புதர் மறைவில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்து ரசிப்பதுமாகக் குளிர்காலம் போனது. “மீன் இருக்கு, கடிக்கத்தான் மாட்டேங்குது” என்று கடையில் புலம்பினானாம். இப்போது கடை அவனைப் பார்த்துச் சிரித்தது.

போன வியாழக்கிழமை காற்று பேயாக அடித்தது. இல்லாத மீனுக்காக இன்னும் உள்ளே இறங்கினான். தொப்பை போட்டதிலிருந்து, மார்வரை வரும் ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் புகாமல் கட்டும் இடுப்பு வாரை அவன் கட்டுவதில்லை, கேட்டால் மூச்சு முட்டுகிறதாம். சறுக்கினான், கால்சட்டைக்குள் ஆறு புகுந்தது, நான் முள் மாட்டிய அதே மரத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான். தொப்பி மிதந்து போனது. நான் கழியும் மீன் அள்ளும் கைவலையுமாக ஓடினேன். “அக்கா, கையக் குடுங்கக்கா, செத்துருவேன்!” என்று அலறினான். “இருடா, மொதல்ல தொப்பி” என்றேன். தூண்டிலின் முதல் வீச்சைக் காற்று என் முகத்திலேயே திருப்பி அடித்தது. “அடிப்பாவி, தொப்பியா முக்கியம்!” என்று கத்தினான். இரண்டாவது வீச்சில் தொப்பி மாட்டியது. இழுத்துக் கையில் எடுத்து, பூச்சி இருப்பதைப் பார்த்துவிட்டு, வலைக்கம்பை அவன் மூக்குக்கு எட்டும் தூரத்தில் நீட்டி, இது யார் கட்டியது என்று கேட்டேன். “ராகிப் அண்ணன்! அண்ணன்தான்க்கா!” என்றான். பிறகுதான் கரைக்கு இழுத்தேன்.

முகத்தைச் சுளிக்காதே. அவனை நம் வீட்டு அடுப்படியில் உட்கார வைத்து, உன் அப்பாவின் கம்பளிச் சட்டையைக் கொடுத்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் கொடுத்தேன். எதிரே உட்கார்ந்து நான் காப்பி குடித்தேன். பல் கிடுகிடுக்க, “எனக்கு ஒரு காப்பிக்கா” என்றான். பூச்சியைக் கொண்டுவந்து கொடுப்பவனுக்குத்தான்டா காப்பி, இதை நானே எடுத்துக்கொண்டேனே என்றேன். தலையைக் குனிந்துகொண்டு வெந்நீரைக் குடித்தான்.

லின்ஸ் பஸ் டிரைவரிடம் உப்புக்கண்டமும் மிளகாய் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன், மறக்காமல் போய் வாங்கிக்கொள், மாப்பிள்ளைக்கு உப்பைக் குறைத்துக் கொடு. கூடவே ஒரு தீப்பெட்டி இருக்கும், முள் குத்தாமல் பார்த்துத் திற. அல்லாஹ் உங்கள் இருவரையும் நிழலாகக் காக்கட்டும். பூச்சி கோணலாக இருக்கிறதே என்று நேராக்கிவிடாதே, அது உன் அப்பாவின் கை.

உன் அம்மா,
ஷெஃபிகா